மேல்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்

நவம்பர் 6
மாணவியர் விடுதி, மூன்றாம் மாடி

அன்புள்ள அண்ணா,

உன் தடுப்பணைப் பக்கம் கைபேசிக்குத் தடை என்பது ஒரு விதத்தில் எனக்கு வசதி. போன் என்றால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று இரண்டு கேள்வியோடு வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் சமையல்கூடத்துப் புகை, மூடினால் அறைத்தோழியின் ஹேர் டிரையர். மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் யாரோ மடித்துச் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'பன்னாட்டுச் சட்டம்: ஓர் அறிமுகம்' என்ற பாடக்குறிப்பு. எதற்காவது பயன்படுகிறதே என்று திரும்பவும் செருகிவிட்டேன்.

நான் என்னதான் படிக்கிறேன் என்று அண்ணி கேட்டிருந்தார்கள். வாத்தியார் வராத ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளச் சொல். இன்று மட்டுமல்ல, என்றைக்குமே வர மாட்டார். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பெரியவன் சின்னவனை அடிப்பான், சின்னவர்கள் கூட்டுச் சேர்வார்கள், எல்லோரும் பென்சிலை ஒளித்துவைப்பார்கள், நம்பினவன் ஏமாறுவான் என்கிறது ஒரு கோட்பாடு. எப்படியும் தங்களுக்குள் நாலு விதி போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவார்கள் என்கிறது இன்னொன்று. ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துப் பழகுகிறார்களோ வகுப்பும் அப்படியே ஆகும், சண்டைக்களமாகவும் ஆகலாம், வீடாகவும் ஆகலாம் என்கிறது மூன்றாவது. நாடுகளுக்கு மேலே வாத்தியார் கிடையாது. என் படிப்பு அவ்வளவுதான்.

நான் மூன்றாவது கட்சி. எங்கள் பேராசிரியர் முதல் கட்சி. எதற்கெடுத்தாலும் "அதிகாரச் சமநிலை" என்று இரண்டு கையையும் ஏற்றி இறக்கிக் காட்டுவதால் அவருக்குத் தராசு என்று பெயர். நேற்று என் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. ஆனா இது பிரார்த்தனை. ஆய்வு இல்ல. ரெண்டு எதிரி நாடு, மேல கேக்க ஆளே இல்லாதப்போ, ஒண்ணை ஒண்ணு நம்பினதுக்கு உதாரணம் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும். இல்லேன்னா தலைப்பை மாத்திடு."

கட்டுரை தேறாவிட்டால் பட்டம் இல்லை. நூலகத்தில் தேடினேன். கிடைத்த உதாரணம் எல்லாம் கையெழுத்துப் போட்ட மறுவருஷமே கிழித்துப் போட்ட ஒப்பந்தங்கள். நீ எல்லைக் கோட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

உன் வாலு


நவம்பர் 20
கட்டுப்பாட்டு அறை

வாலு,

பன்னாட்டுச் சட்டத்தை மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு முதல் வகுப்புக் கொடுக்கலாம். வாத்தியார் இல்லாத வகுப்பு அண்ணிக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. "நம்ம குடியிருப்புத் தண்ணிக்குழாய் வரிசை மாதிரி" என்கிறாள்.

உதாரணம் கேட்டாய். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நான் டவுனுக்குப் போய்த்தான் தபாலில் போடுவேன்.

ஆறு எல்லையைத் தாண்டும் இடத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய அணை. அவர்கள் கதவைத் திறந்தால் நம் ஆற்றில் வெள்ளம். நாம் கதவை மூடினால் தண்ணீர் பின்னுக்கு ஏறி அவர்களுடைய பம்பு நிலையத்துக்குள் புகுந்துவிடும். முன்பு இரண்டு பக்கமும் முன்கூட்டியே தகவல் சொல்ல ஒப்பந்தம் இருந்தது. எல்லையில் சண்டை நடந்த பிறகு அது ரத்து. ஒரு சொல்கூடப் பரிமாறக் கூடாது என்று உத்தரவு. ஆனால் உத்தரவு எழுதிய புண்ணியவான் ஒன்றை மறந்துவிட்டார். இரண்டு கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் நேரடித் தொலைபேசி ஒன்று உண்டு. அது வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் சோதிக்க வேண்டும் என்ற விதியை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. ஆகவே தினமும் சோதிக்கிறோம்.

"லைன் டெஸ்ட்."

"கேக்குது சார். உடம்பு எப்படி?"

"லேசா சளி" என்பார் அந்தப் பக்கத்து ஆபரேட்டர்.

சளி என்றால் நாளைக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். காய்ச்சல் என்றால் பெரிய தண்ணீர். நான் கதவை மூடப் போகிறேன் என்றால் எனக்கு மூக்கடைப்பு. யார் ஒட்டுக்கேட்டாலும் இரண்டு சீக்காளிகள் புலம்புகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மேலே இருப்பதால் அவர் மேல்வீட்டுக்காரர், நான் கீழ்வீட்டுக்காரன். நம் பாஷையைக் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார். ஒரு தடவை கேட்டேன்: "என்ன சார், அடிக்கடி காய்ச்சல் வருது? டாக்டரைப் பாருங்களேன்."

"டாக்டர்தான் சார் காய்ச்சலே குடுக்கிறாரு" என்றார். அவர்களுடைய தலைமைப் பொறியாளரைச் சொல்கிறார்.

அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று சாயங்காலமே நான் அபாயச் சங்கு ஊதிவிடுவேன். ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருப்பவர்கள் சட்டிபானையோடு கரையேறிவிடுவார்கள். வெள்ளரிக்கா அக்காவை ஞாபகம் இருக்கிறதா? போன விடுமுறையில் உன்னைப் பார்த்து, "படிச்சுப் படிச்சு கண்ணாடியும் கழுத்தும்தான் மிச்சம்" என்றார்களே, அவர்களேதான். அவர்களும் வீட்டுக்காரரும் மணலிலேயே குடிசை போட்டிருக்கிறார்கள். சங்கு கேட்டால் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். ஆனால் ஏறிவிடுவார்கள்.

நாலைந்து வருஷமாக இப்படித்தான். இது உதாரணமாகுமா? தராசிடம் நிறுத்துப் பார்க்கச் சொல். பெயர் மட்டும் போடாதே.

அண்ணன்


டிசம்பர் 14

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஆளுக்கு ஆள் பென்சிலை ஒளித்துவைக்கிற வகுப்பில், சுவர் ஓரமாக உட்கார்ந்து ரகசியமாகப் பென்சிலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பிள்ளைகள்! ஒப்பந்தம் செத்த பிறகும் பழக்கம் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது கட்சி சொல்வது இதைத்தான்.

தராசு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்புற மாதிரி இருக்கு. அதனாலதான் சந்தேகமா இருக்கு. இன்னும் விவரம் வேணும்" என்றார். விவரம் சரியாக இருந்தால் துறை இதழிலேயே போடுவாராம். பயப்படாதே. அந்த இதழைப் படிப்பவர்கள் அதில் எழுதியவர்களும் அவர்களுடைய அம்மாக்களும்தான்.

எழுதிய பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். 'ஒரு நதி, இரு அண்டை நாடுகள்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். சளி, காய்ச்சல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதைப் படித்தால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தோன்றியது. 'வழக்கமான சோதனை அழைப்பின்போது தகவல் பரிமாறப்படுகிறது', அவ்வளவுதான். சரியா? உனக்குச் சரியென்று படாவிட்டால் ஒரு வரிகூட வெளியே போகாது.

வாலு


ஜனவரி 3

வாலு,

சளியையும் காய்ச்சலையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? 'தகவல் பரிமாறப்படுகிறது' என்று நீ எழுதியதைப் படித்தால் எனக்கே எங்கள் துறைச் சுற்றறிக்கையைப் படிப்பது மாதிரி இருக்கிறது. உயிரே அந்தக் காய்ச்சலில்தான் இருக்கிறது. திரும்பவும் சேர். மேல்வீட்டுக்காரர் டாக்டரைப் பற்றிச் சொன்னதையும் போடு. எங்கள் வேலையைப் பற்றி இதுவரை யார் எழுதியிருக்கிறார்கள்? வெள்ளம் வந்தால் மட்டும்தான் பத்திரிகைக்காரனுக்கு எங்கள் ஞாபகம் வரும்.

பம்பு நிலையத்தைப் பற்றி நீ எழுதியது தப்பு, ஓரத்தில் திருத்தியிருக்கிறேன். கதவை எவ்வளவு இறக்கினால் தண்ணீர் எங்கே ஏறும் என்று ஒரு படமும் போட்டிருக்கிறேன். தராசு விவரம் கேட்டாரில்லையா, எடுத்துக்கொள்ளட்டும்.

அண்ணி படித்துவிட்டு, "உங்க தங்கச்சி உங்களை ஒரு நாட்டுக்குப் பிரதிநிதி ஆக்கிட்டா. இனிமே குப்பை கொட்டப் போகச் சொல்ல முடியாது" என்கிறாள். மேல்வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பயந்துவிடுவார். யார் படிக்கப் போகிறார்கள்?

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணா,

இதழ் வந்துவிட்டது. என் கட்டுரைதான் முதலில். தராசு என் கையைக் குலுக்கி, "ஒத்துக்கிறேன். வயித்தெரிச்சலோட ஒத்துக்கிறேன்" என்றார். ஏப்ரல் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அது வெறும் சடங்கு என்கிறார்.

ஒரு பிரதி உனக்கு. அண்ணிக்குத் தெரியாமல் குப்பை கொட்டப் போகும்போது படி.

வாலு


மார்ச் 9

இதைச் சமையல் எரிவாயு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. போன் செய்யாதே.

உன் கட்டுரை இணையத்திலும் இருக்கிறதாமே, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துப் பத்திரிகையில் ஒருவர் அதை எடுத்துப் போட்டு, பாருங்கள், எல்லையில் எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். மறுநாள் இன்னொரு பத்திரிகை, யார் அந்தத் துரோகி என்று கேட்டது.

திங்கட்கிழமை காலை நான் எடுத்தேன். "லைன் டெஸ்ட்." பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பழக்கதோஷத்தில், "உடம்பு எப்படி சார்?" என்றேன்.

"யார் பேசறது? உங்க பேர் என்ன?" வேறு குரல். வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து லைனே இல்லை.

நேற்று நம் பக்கத்து விசாரணை அதிகாரி வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் நிற்க, உன் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினார். டாக்டர் விஷயம் வந்ததும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எழுதினது உங்க தங்கச்சிதானே? இந்தக் கீழ்வீட்டுக்காரர் யாரு?" என்றார்.

"தெரியாது சார். பரீட்சைக்காகக் கற்பனையா எழுதியிருப்பா" என்றேன்.

"அப்படீன்னா அவங்களையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

எழுதிக் கொடு. உதாரணம் நானே கற்பனை செய்தது என்று ஒரு வரி போதும். எனக்காக மட்டும் கேட்கவில்லை. அங்கே மேல்வீட்டுக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி சொன்னார். அவரும் இல்லவே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதினவளே பொய் என்று சொல்லிவிட்டால் அவர் சொல்வது நிற்கும்.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை என்றெல்லாம் எழுதினால் உனக்குக் கோபம் வரும். ஆகவே எழுதவில்லை.

ஆதாரத்தைக் கற்பனை செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். வேறு எந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்காது. பரீட்சையில் பார்த்து எழுதினவளுக்கு மறுபடியும் எழுத இடம் உண்டு. பொய் ஆதாரம் காட்டினவளுக்குக் கிடையாது. ஏப்ரல் கடைசியில் தேர்வு. அது முடிந்து பட்டம் கைக்கு வந்ததும் எழுதிக் கொடுக்கிறேனே. கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று பார்.

இன்னொன்று. சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை. காய்ச்சலை நான் எடுத்துவிட்டிருந்தேன். திரும்பவும் சேர்க்கச் சொன்னது நீ. படம் போட்டுக் கொடுத்தது நீ.

மறுத்து எழுத நினைத்துப் பேனாவை எடுத்தால் கை வரவில்லை. நடக்காததை நடந்தது என்று சொல்லக்கூட வாய் வரும் போலிருக்கிறது. நடந்ததை, அதுவும் நடந்தவற்றிலேயே நல்லதை, நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்றே ஒன்று காட்டு என்றார் தராசு. அந்த ஒன்று இதுதான்.

வாலு


ஏப்ரல் 4

ஆமாம். காய்ச்சலைச் சேர்க்கச் சொன்னது நான்தான். படம் போட்டதும் நான்தான். நாளைக்கு நூறு தடவை எழுதிக் காட்டச் சொன்னாலும் எழுதுகிறேன்.

உன் தேர்வு முடியும்வரை பொறுக்க முடியுமா என்று மேல்வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லலாம் என்றால், லைன் இல்லை.

இப்போது தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஆற்றோரம் நட்டிருக்கிற அளவுகோலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் மணலில் இறங்கிப் போய் வெள்ளரிக்கா அக்காவிடம், கொஞ்ச நாளைக்குக் கரையில் வந்து இருங்கள் என்றேன்.

"ஏன், சங்கு ஊதப் போறீங்களா?"

"இல்லக்கா. சும்மாதான் சொல்றேன்."

"காய்க்கிற நேரத்துல சும்மா எப்படி விட்டுட்டு வர்றது? நீங்க ஊதினா ஏறிடப் போறோம். ஊதலேன்னா தண்ணி வராது. இது எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி இரண்டு பிஞ்சைப் பறித்துக் கொடுத்தார்கள். ஏன் என்று என்னால் விளக்க முடியவில்லை. விளக்கினால் நான்தான் கீழ்வீட்டுக்காரன் என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

வாத்தியார் இல்லாத வகுப்பு என்று எழுதினாயே. அதில் ரகசியமாகப் பென்சில் கொடுத்த பிள்ளையை ஊர் கூட்டிப் பாராட்டக் கூடாது போலிருக்கிறது. இது எந்தக் கட்சி?

அ.


ஏப்ரல் 19

அண்ணா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். தேர்வுக்குக் காத்திருக்கவில்லை. உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் விசாரணைக் குழு கூப்பிட்டது. துறை அலுவலகத்தின் பின்னறை. நீள மேசை, தண்ணீர் ஜாடி, மூடியிருந்த ஜன்னல். குழுவில் எல்லோரும் இருந்தார்கள். தராசுதான் கேட்டார்.

"இந்த உதாரணம் பொய்யாம்மா?"

"ஆமா சார். நானே கற்பனை பண்ணினது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னோட மத்த பக்கங்களைப் படிச்சிருக்கேன். இவ்வளவு நல்லா கற்பனை பண்ண உனக்கு வராது."

அவர் கையெழுத்துப் போட்டார். பட்டம் இல்லை, தேர்வு இல்லை, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வெளியே வரும்போது தாழ்வாரத்தில் கூடவே நடந்து வந்தார். "உங்க கட்சிதான் ஜெயிச்சுது சார்" என்றேன். "தோத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேம்மா" என்றார். கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

நேராக நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததற்கு முந்தின நாளே மேல்வீட்டுக்காரருக்குத் தண்டனை சொல்லிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில், ஒரு ஓரத்தில், சின்னச் செய்தி. கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மேல்முறையீடு செய்வார் என்று போட்டிருந்தது. என் மறுப்பு அதற்காவது பயன்படுமா, தெரியாது. அவர்கள் பத்திரிகை எதிலும் அது வரவில்லை. ஒரு நாள், அண்ணா. அந்த ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு நாள்.

செய்தியில் அவர் பெயர் இருந்தது. உனக்கு வேண்டுமா?

வாலு


மே 7

வாலு,

பெயர் வேண்டாம். எழுதாதே.

நீ எழுதிக் கொடுத்ததன் நகல் என் கோப்பில் சேர்ந்துவிட்டது. மேல் அணையிலிருந்து எந்தக் காலத்திலும் எந்த முன்தகவலும் வந்ததில்லை என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். என் மேல் நடவடிக்கை இல்லை.

போன வாரம், மத்தியானம், தண்ணீர் வந்தது. நான் அளவுகோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் நுரை சேர்ந்தது. நிமிர்ந்தால் ஆற்று வளைவில் பழுப்பாக ஒரு சுவர் திரும்புகிறது. ஓடிப்போய்ச் சங்கை அழுத்தினேன். சங்கும் தண்ணீரும் சேர்ந்தேதான் மணலுக்குப் போயின. அக்காவின் வீட்டுக்காரர் காயை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். அக்கா குடிசையில் இருந்தார்கள். இரண்டாம் நாள் நம் கதவு ஒன்றில் சிக்கிக் கிடந்தார்கள். கதவைத் தூக்கினது நான்தான்.

சமையலறையில் அக்கா கொடுத்த பிஞ்சு ஒன்று வாடிக் கிடந்தது. உன் அண்ணி அதைத் தூக்கிப் போடாமல் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று விசாரணை. அதே அதிகாரி. அக்காவின் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சட்டையெல்லாம் தோய்த்துப் போட்டு வந்திருந்தார். என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதும், அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தண்ணி வர்றதுக்கு முந்தின நாளே ஊதுவீங்களே. வருஷக்கணக்கா ஊதினீங்களே. இந்தத் தடவை மட்டும் ஏன் ஊதல?"

அதிகாரியின் பேனா நின்றது. ஊதினேன், எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், நீ எழுதிக் கொடுத்தது பொய், அங்கே மேல்முறையீட்டில் மேல்வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருப்பதும் பொய் என்று ஆகிவிடும். அவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு மறுப்புதான். ஆகவே சொன்னேன்:

"அது சோதனைச் சங்குங்க. வேலை செய்யுதான்னு பார்க்க அப்பப்போ ஊதுறது. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஏதோ தற்செயலா ஒத்துப் போயிருக்கும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விடை தப்பாக வந்த கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறவர் மாதிரி, வெகு நேரம் யோசித்தார்.

"அப்படீங்களா சார்?" என்றார். தம்பி போய்விட்டது. "அப்போ இத்தனை வருஷம் நாங்க பொழைச்சிருந்ததெல்லாம் தற்செயலாங்க?"

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அண்ணன்